ரவுட்டருக்குள் எவ்வளவு இடம்?

கண்டியில் இணையம் அளந்துதான் வீட்டுக்குள் வருகிறது. ஃபைபர் இணைப்போ 4ஜி பெட்டியோ, பெரும்பாலான குடும்பங்கள் எடுப்பது மாதத்துக்கு இத்தனை ஜிகாபைட் என்று எல்லை போட்ட பொதியைத்தான். நள்ளிரவு தாண்டிய நேரத்துக்கென்று தனியாக ஒரு பங்கு தரும் பொதிகளும் உண்டு. பெரிய கோப்புகளை அந்த நேரத்தில் இறக்கிவைக்கப் பழகியவர்கள் கட்டுகஸ்தோட்டையிலும் அம்பிட்டியிலும் பேராதனை மாணவர் அறைகளிலும் இருக்கிறார்கள். கனடாவிலிருந்து அண்ணன் அனுப்பிய கல்யாண வீடியோவை அம்மா ஹாலில் பார்க்கிறார். மறுநாள் தங்கை தன் போனில் பார்க்கிறாள். ஞாயிறன்று வந்த சித்திக்காக அது மூன்றாம் முறை ஓடுகிறது. மூன்று முறையும் அதே வீடியோ வெளியிலிருந்து வந்து இறங்கி, மாதக் கணக்கில் மூன்று முறை கழிகிறது.

ஒருமுறை இறக்கியதை வீட்டிலேயே வைத்துக்கொண்டு, எந்த அறையிலிருந்தும் எடுத்துப் பார்க்க வழி செய்வதுதான் மீடியா சர்வர். அதற்கென்று கணினி வாங்கத் தேவையில்லை. இரவு பகலாக ஓடிக்கொண்டிருக்கும் கணினி ஒன்று ஏற்கெனவே வீட்டில் இருக்கிறது. சுவரோரம் விளக்கு மினுங்க நிற்கும் ரவுட்டர்தான் அது. சில வாட் மின்சாரத்தில் ஓடுகிறது, சத்தமில்லை, பின்புறம் ஒரு யூஎஸ்பி துளையும் இருக்கலாம். அதில் ஒரு டிஸ்க்கைச் செருகி, உரிய மென்பொருளை இயக்கினால் தொலைக்காட்சியில் பட்டியல் வந்துவிடும். வெளி இணையம் இதற்கு வேண்டியதே இல்லை. 2018 மார்ச்சில் கலவரத்தையொட்டிக் கண்டி மாவட்டத்தில் இணையம் கட்டுப்படுத்தப்பட்ட நாட்களிலும் இப்படி ஒரு பெட்டி வேலை செய்திருக்கும். வீட்டுக்குள்ளான வைஃபை வெளியுலகத்தின் தயவில் ஓடுவதில்லை.

ஆனால் செய்து பார்த்தவர்கள் பலரும் ஓரிரு வாரத்தில் ஒரே முறைப்பாட்டோடு வருவார்கள். முதலில் நன்றாகத்தான் இருந்தது, இப்போது பட்டியல் பாதியில் நிற்கிறது, சில நேரம் வைஃபையே விழுந்துவிடுகிறது என்பார்கள். உடனே எல்லோரும் சொல்லும் மருந்து, இடம் போதவில்லை, பெரிய டிஸ்க் வாங்கு என்பது. இரண்டு டெராபைட் வாங்கி மாட்டினால் நிலைமை இன்னும் மோசமாகும். குறை டிஸ்க்கின் அளவில் இல்லை. ரவுட்டருக்குள் இடம் என்பது ஒன்றல்ல, மூன்று. அமைப்பு குடியிருக்கும் ஃபிளாஷ் ஒன்று, வேலை நடக்கும் ரேம் ஒன்று, படங்கள் இருக்கும் டிஸ்க் ஒன்று. மூன்றாவது எவ்வளவு பெரிதானாலும் முதல் இரண்டும் வளர்வதில்லை. மூன்றாவதன் பளு முதல் இரண்டின் மேல்தான் விழுகிறது. எது எங்கே எழுதப்படுகிறது என்று தெரிந்தவருக்குப் பழைய ரவுட்டர்கூட பல வருடம் உழைக்கும்.

டிபி-லிங்க் நிறுவனத்தின் எம்ஆர்3020 என்ற பெட்டியை எடுத்துக்கொள்வோம். உள்ளங்கைக்குள் அடங்கும் வெள்ளைச் சதுரம். 400 மெகாஹெர்ட்ஸ் சிப், 32 மெகாபைட் ரேம், 4 மெகாபைட் ஃபிளாஷ் நினைவகம், ஒரே ஒரு யூஎஸ்பி 2.0 துளை. இன்றைய போனில் எடுத்த ஒரே ஒரு புகைப்படம் பெரும்பாலும் 3 முதல் 5 மெகாபைட் வரும். அந்த ஒரு படத்தின் அளவு இடத்துக்குள்தான் லினக்ஸ் இயங்குதளம், வைஃபை இயக்கிகள், தீச்சுவர், அமைப்புப் பக்கம் எல்லாமே உட்கார்ந்திருக்கின்றன.

இவ்வளவு குறைவாக ஏன் வைத்தார்கள்? கோடிக்கணக்கில் விற்கும் பொருளில் ஒரு சிப்புக்குச் சில சதம் மிச்சமானாலும் அது பெரிய தொகை. இதன் விளைவைக் காட்ட ஒரு பெட்டியின் கதையே போதும். 2002 இறுதியில் லிங்சிஸ் நிறுவனம் டபிள்யூஆர்டி54ஜி என்ற ரவுட்டரை விற்பனைக்கு விட்டது. அடுத்த வருடம் லிங்சிஸை சிஸ்கோ வாங்கியது. அந்தப் பெட்டிக்குள் ஓடுவது லினக்ஸ் என்பதை ஆர்வலர்கள் கண்டுபிடித்தார்கள். லினக்ஸின் உரிமத்தின்படி, அதைப் பயன்படுத்தி விற்பவர் மூலநிரலையும் தர வேண்டும். அழுத்தம் வந்தபின் 2003இல் நிரல் வெளியானது. அதைப் பிடித்துக்கொண்டு 2004இல், ரவுட்டரில் நாமே ஏற்றிக்கொள்ளக்கூடிய லினக்ஸ் அமைப்பான ஓப்பன்வர்ட் திட்டம் பிறந்தது. ரவுட்டரை வாங்கியவரே அதன் எஜமானர் ஆகலாம் என்ற எண்ணம் உலகெங்கும் பரவியது அப்போதிருந்துதான்.

அந்த முதல் பெட்டிகளில் பெரும்பாலானவற்றில் 4 மெகாபைட் ஃபிளாஷும் 16 மெகாபைட் ரேமும் இருந்தன. 2005இல் வந்த ஐந்தாம் பதிப்பில் ஃபிளாஷை 2 மெகாபைட்டாகவும் ரேமை 8 மெகாபைட்டாகவும் பாதியாக்கினார்கள். லினக்ஸையும் எடுத்துவிட்டு, சிறிய இடத்தில் ஓடும் விஎக்ஸ்வொர்க்ஸ் என்ற வேறோர் இயங்குதளத்தை வைத்தார்கள். ஓப்பன்வர்ட் அதில் ஏற வழியில்லாமல் போயிற்று. தடையோ வழக்கோ தேவைப்படவில்லை; இரண்டு மெகாபைட்டைக் குறைத்ததே போதுமானதாக இருந்தது. பிறகு பழைய அளவுகளோடு டபிள்யூஆர்டி54ஜிஎல் என்று தனியாக ஒரு மாதிரியை விற்றார்கள். கையில் உள்ள ஒரு பொருளை நாம் என்ன செய்யலாம், என்ன செய்ய முடியாது என்பதைத் தொழிற்சாலையில் ஒருவர் தேர்ந்தெடுத்த சிப்பின் அளவு தீர்மானித்துவிடுகிறது. வாங்கும்போது இதைப் பற்றி நாம் கேட்பதே இல்லை. கடைக்காரரும் ஆன்டெனா எத்தனை என்றுதான் சொல்கிறார்.

இந்த 4 மெகாபைட்டுக்குள் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்ப்போம். ஓப்பன்வர்ட் தன் அடிப்படை அமைப்பு முழுவதையும் நன்றாக அழுத்திச் சுருக்கி, ஸ்குவாஷ்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமையில் வைக்கிறது. இது வாசிக்க மட்டுமே முடிகிற பகுதி. நாம் செய்யும் மாற்றங்களும் சேர்க்கும் மென்பொருள்களும் அதற்கு மேல் விரித்த இரண்டாவது பகுதியில், ஜேஎஃப்எஃப்எஸ்2 என்ற எழுதக்கூடிய முறைமையில் சேரும். பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றாகவே தெரியும். இடம் போதாதவர் முதலில் செய்வது, தேவையில்லாத மென்பொருளை நீக்குவது. அமைப்போடு வந்த ஒன்றை நீக்கினால் என்ன ஆகும்? அடியில் உள்ளது வாசிக்க மட்டும் உரியது, அதை அழிக்க முடியாது. எனவே மேல் பகுதியில், இந்தக் கோப்பு இல்லை என்று ஒரு குறிப்பு எழுதப்படும். கோப்பு அடியில் அப்படியே இருக்கும், குறிப்பு மேலே இடம் பிடிக்கும். நீக்க நீக்க இடம் குறைகிறது! வந்த மென்பொருளைப் புதுப்பித்தாலும் இதே கதைதான். பழையது அடியில், புதியது மேலே, இரண்டுக்கும் இடம்.

மேல் பகுதி எவ்வளவு பெரிது? 4 மெகாபைட் பெட்டியில் அமைப்பு போக மிஞ்சுவது சில நூறு கிலோபைட். அதிலும் ஜேஎஃப்எஃப்எஸ்2 தன் வேலைக்கென்று குறைந்தது ஐந்து அழிப்புத் தொகுதிகளைக் கேட்கும். ஒரு தொகுதி 64 கிலோபைட் என்றால் ஐந்துக்கு 320 கிலோபைட். வீட்டு மீடியா சர்வருக்கு ரவுட்டர்களில் அதிகம் பாவிக்கும் மினிடிஎல்என்ஏ என்ற மென்பொருளே சிறியதுதான். ஆனால் அது தனியாக வருவதில்லை. வீடியோவின் நீளத்தைப் படிக்க ஒரு நிரல்தொகுப்பு, பாட்டின் பெயரை வாசிக்க ஒன்று, படங்களைச் சிறிதாக்க ஒன்று, பட்டியலை வைக்க எஸ்கியூலைட் தரவுத்தளம் என்று ஒரு கூட்டமே வரும். எல்லாம் சேர்ந்து அந்தச் சில நூறு கிலோபைட்டுக்குள் நுழைய வாய்ப்பே இல்லை.

அழிப்புத் தொகுதி என்று சொன்னேன். ஃபிளாஷ் நினைவகம் வேலை செய்யும் விதமே அலாதி. அதில் ஒரு எழுத்தை மட்டும் அழித்து மாற்ற முடியாது. பள்ளிக்கூடச் சிலேட்டில் ஒரு சொல்லைத் திருத்த முழுச் சிலேட்டையும் துடைத்துவிட்டு மறுபடி எழுதுவது போல, ஒரு தொகுதி முழுவதையும் அழித்துத்தான் புதிதாக எழுத வேண்டும். ஒவ்வோர் அழிப்பிலும் மின்னூட்டத்தைப் பிடித்துவைக்கும் மெல்லிய காப்புப் படலம் சற்றே தேய்கிறது. ரவுட்டர்களில் உள்ள நார் வகை ஃபிளாஷுக்குத் தொகுதிக்கு ஏறத்தாழ 1,00,000 அழிப்பு என்பது வழக்கமான உத்தரவாதம். கேட்பதற்குப் பெரிய எண். ஆனால் நிமிடத்துக்கு ஒருமுறை ஒரே தொகுதியில் எழுதும் மென்பொருள் ஒன்று இருந்தால் பத்து வாரத்துக்குள் அது தீர்ந்துவிடும். இதைத் தவிர்க்கத்தான் ஜேஎஃப்எஃப்எஸ்2 எழுதும் வேலையை எல்லாத் தொகுதிகளுக்கும் பங்கிட்டுக் கொடுக்கிறது. பங்கிட எட்டே தொகுதிகள்தான் உண்டு என்றால், பத்து வாரம் ஒன்றரை வருடமாகும், அவ்வளவுதான். டிஸ்க் பழுதானால் வேறு வாங்கலாம். பலகையில் ஒட்டிய ஃபிளாஷ் சிப் பழுதானால் ரவுட்டரே போயிற்று.

ஃபிளாஷின் இந்த இடச் சிக்கலை உலகம் பார்க்க அழகாகத் தீர்த்தவர்கள் சிலர். 2011இல் நியூயார்க் பல்கலைக்கழகப் பேராசிரியர் டேவிட் டார்ட்ஸ் பைரேட்பாக்ஸ் என்ற திட்டத்தைத் தொடங்கினார். இணையத்தோடு தொடர்பே இல்லாத ஒரு வைஃபை பெட்டி, அருகில் இருப்பவர்கள் அதில் கோப்புகளைப் போடலாம், எடுக்கலாம். அமெரிக்க நூலகர் ஜேசன் கிரிஃபி அதிலிருந்து லைப்ரரிபாக்ஸைக் கிளைக்கச் செய்தார். இணையம் எட்டாத இடங்களுக்குப் புத்தகங்களையும் பாடங்களையும் கொண்டுபோவது அதன் நோக்கம். இரண்டும் பெயர் பெற்றது நாம் பார்த்த எம்ஆர்3020இல்தான். 4 மெகாபைட்டில் எப்படி முடிந்தது? பென்டிரைவுக்குள் ஒரே ஒரு பெரிய கோப்பை வைத்தார்கள். அந்தக் கோப்புக்குள்ளேயே முழு லினக்ஸ் கோப்பு முறைமை ஒன்று இருந்தது. ரவுட்டர் கண்விழித்ததும் அந்தக் கோப்பைத் திறந்து தன் நீட்சியாக ஏற்றுக்கொள்ளும், மென்பொருள்கள் எல்லாம் அங்கே வாழும். ஃபிளாஷில் இருந்தது பென்டிரைவைத் திறக்கத் தேவையான சாவி மட்டும்.

வீட்டில் செய்பவருக்கு ஓப்பன்வர்ட்டிலேயே எக்ஸ்ட்ரூட் என்று இதற்கு நேரான வழி இருக்கிறது. மேல் பகுதியை ஃபிளாஷிலிருந்து யூஎஸ்பி டிஸ்க்கின் ஒரு பிரிவுக்கு மாற்றிவிடுவது. அந்தப் பிரிவுக்கு ஒரு ஜிகாபைட் கொடுத்தால் வாழ்நாளுக்கும் போதும். ஃபிளாஷும் தேயாது. ஆனால் யூஎஸ்பியைத் திறக்கும் இயக்கிகள் ஃபிளாஷுக்குள் இருந்தே ஆகவேண்டும். 4 மெகாபைட் பெட்டியில் அதற்கே மூச்சு முட்டும். 19.07 வெளியீட்டுக்குப் பிறகு 4 மெகாபைட் ஃபிளாஷும் 32 மெகாபைட் ரேமும் உள்ள பெட்டிகளை ஓப்பன்வர்ட் கைவிட்டது. இப்போது அது பரிந்துரைப்பது 16 மெகாபைட் ஃபிளாஷ், 128 மெகாபைட் ரேம். பழைய ரவுட்டர் ஒன்றைத் தேடுகிறவர் இந்த இரண்டு எண்களையும் மனதில் வைத்துக்கொண்டு போகட்டும்.

ரேமுக்கு வருவோம். கண்டி வீடுகளில் மீடியா சர்வர் காரணம் தெரியாமல் செத்துப்போவது பெரும்பாலும் இங்கேதான்.

ஃபிளாஷ் தேயக்கூடாது என்பதற்காக ஓப்பன்வர்ட் ஒரு நல்ல காரியம் செய்கிறது. அடிக்கடி மாறும் தற்காலிகக் கோப்புகளையும் பதிவேடுகளையும் ஃபிளாஷில் எழுதாமல், ரேமில் ஒரு பகுதியையே டிஸ்க் போல் பாவித்து அங்கே எழுதுகிறது. ரேமில் பாதிவரை அதற்குப் போகலாம். மினிடிஎல்என்ஏ இந்த அமைப்பில் தன் தரவுத்தளத்தையும் அந்தத் தற்காலிகப் பகுதியிலேயே வைக்கும்படி வருகிறது. பாட்டு, படம், புகைப்படம் ஒவ்வொன்றுக்கும் பெயர், நீளம், அளவு, பாதை என்று ஒரு வரி. பாட்டுக் கோப்புகளுக்குள் ஒட்டியிருக்கும் அட்டைப் படங்களையும் பிரித்தெடுத்துச் சேர்த்துவைக்கும். நூறு கோப்பு இருக்கும்போது ஒரு பொருட்டே இல்லை. சில ஆயிரம் பாட்டும் பத்தாயிரம் புகைப்படமும் சேர்ந்தால் பட்டியலே பல மெகாபைட் ஆகும். லினக்ஸின் மையமான கர்னலும் வைஃபையும் போக 32 மெகாபைட் பெட்டியில் மிஞ்சியதே அவ்வளவுதான். அதற்கு மேல் ரேம் கேட்டால் கர்னல் ஒரு செயலியைத் தேர்ந்தெடுத்துக் கொன்றுவிடும். கொல்லப்பட்டது மீடியா சர்வர் என்றால் பட்டியல் பாதியில் நிற்கும். வைஃபையைக் கவனிக்கும் செயலி என்றால் வீட்டில் எல்லோர் போனும் ஒரே நேரத்தில் துண்டிக்கப்படும். டிஸ்க்கைப் பெரிதாக்கினால் கோப்புகள் கூடும், பட்டியல் நீளும், மரணம் சீக்கிரம் வரும்.

இதோடு மின்வெட்டைச் சேருங்கள். 2022 மார்ச் இறுதியில் இலங்கையில் நாளுக்கு 13 மணிநேரம் வரை மின்சாரம் நின்றது. அதன்பின் நேரம் குறைந்தாலும் சுழற்சி முறை வெட்டு 2023 பெப்ரவரிவரை தொடர்ந்தது. 2025 பெப்ரவரி 9 அன்று நாடு முழுவதும் ஒரேயடியாக இருண்டது. இவை தவிர, சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேரம் இடி இடித்தால் மலைநாட்டில் கரண்ட் போவது யாருக்கும் புதிதல்ல. கரண்ட் போனால் ரேமில் இருந்த பட்டியல் மொத்தமும் ஆவியாகிவிடும். வந்ததும் மினிடிஎல்என்ஏ டிஸ்க்கை முதலிலிருந்து துழாவத் தொடங்கும். ஒவ்வொரு கோப்பையும் திறந்து, நீளம் பார்த்து, வரி எழுதி, அடுத்ததற்குப் போகும். 400 மெகாஹெர்ட்ஸ் சிப்புக்கு இது மணிக்கணக்கான வேலை. அதற்குள் யாராவது தொலைக்காட்சியைப் போட்டுப் பார்ப்பார்கள். பட்டியல் காலி. ரவுட்டரில்தான் ஏதோ கோளாறு என்று பிளக்கைக் கழற்றி மாட்டுவார்கள். துழாவல் மறுபடி முதலிலிருந்து. ஒரு மாலைக்குள் மூன்று தடவை இப்படிச் செய்தால் அன்றைக்குப் படமே இல்லை. பொறுமையாக விட்டிருந்தால் தானே வந்திருக்கும்.

மாற்ற வேண்டியது அமைப்புக் கோப்பில் ஒரே ஒரு வரி. தரவுத்தளம் இருக்கும் இடத்தை டிஸ்க்கில் உள்ள ஒரு கோப்புறைக்கு மாற்றிவிட்டால் கரண்ட் போய் வந்தாலும் பட்டியல் அழியாது, ரேமும் விடுபடும். டிஸ்க்கிலேயே ஒரு சிறு பிரிவை, ரேம் போதாதபோது கைகொடுக்கும் ஸ்வாப்பாகக் கொடுத்தால் இன்னும் பாதுகாப்பு. இன்னொன்று, கோப்புறைகளைக் கண்டபடி பெருக்காதீர்கள். புதிய கோப்பு வந்ததை உடனே அறிய, மினிடிஎல்என்ஏ கோப்புறைக்கு ஒரு கண்காணிப்பைக் கர்னலிடம் பதிவு செய்கிறது. அந்தப் பதிவுக்கு ஓர் உச்சவரம்பு உண்டு, ஒவ்வொரு பதிவும் கொஞ்சம் ரேமைத் தின்னும். ஒரு பாட்டுக்கு ஒரு கோப்புறை என்று வைத்தவர்களின் சர்வர் புதிய பாட்டைக் காணாமல் தவிப்பது இதனால்தான்.

இனி டிஸ்க். எல்லோரும் முதலில் நினைக்கும் இடம், உண்மையில் கவலை குறைந்த இடம். ஆனால் இங்கும் இரண்டு பொறிகள் இருக்கின்றன.

வீட்டில் பழைய விஎச்எஸ் நாடாவில் மூன்று மணிநேரக் கல்யாண வீடியோ ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதை டிவிடி தரத்தில், விநாடிக்கு 5 மெகாபிட் வீதம் எண்ணிமமாக்கினால் மணிக்கு 2.25 ஜிகாபைட், மொத்தம் 6.75 ஜிகாபைட். 64 ஜிகாபைட் பென்டிரைவ் காலியாக இருக்கிறது. ஏற்றினால் பாதியில் மறுத்துவிடும். "எடம்தான் இவ்வளவு இருக்கே தம்பி, ஏன் ஏற மாட்டேங்குது?" என்று கேட்கும் மாமாவிடம் தவறில்லை. தவறு, பென்டிரைவ் வடிவமைக்கப்பட்டிருக்கும் ஃபாட்32 முறைமையில். அது ஒரு கோப்பின் அளவை 32 பிட் எண்ணாகக் குறித்துவைக்கிறது. 32 பிட்டில் எழுதக்கூடிய மிகப் பெரிய எண் 4,294,967,295. அதற்கு மேல் ஒரு பைட்கூட இருந்தால் கோப்பின் அளவை எழுத இடமில்லை. இதே 32 வேறோர் இடத்திலும் நிற்கிறது. டிஸ்க்கைப் பிரிக்கும் பழைய எம்பிஆர் முறையில் அதன் கட்டங்கள் 32 பிட் எண்ணால் எண்ணப்படுகின்றன, ஒரு கட்டம் 512 பைட். பெருக்கினால் 2.2 டெராபைட். அதற்கு மேற்பட்ட டிஸ்க்கை எம்பிஆரில் பிரித்தால் மிச்சம் பயனற்றுக் கிடக்கும்.

விண்டோஸின் என்டிஎஃப்எஸ் முறைமையில் இந்த நான்கு ஜிகாபைட் எல்லை இல்லை. ஆனால் பழைய ரவுட்டர்களில் அதை வாசிப்பது கர்னலுக்கு வெளியே ஓடும் ஒரு செயலி, சிறிய சிப்பைத் திணறடிக்கும். 2021இல் லினக்ஸ் 5.15 பதிப்போடுதான் வேகமான என்டிஎஃப்எஸ் இயக்கி கர்னலுக்குள் வந்தது. ரவுட்டரிலேயே நிரந்தரமாக இருக்கப்போகும் டிஸ்க்குக்கு எக்ஸ்ட்4 முறைமைதான் என் தெரிவு. மின்வெட்டு உள்ள ஊரில் அதற்கு ஒரு வலுவான காரணம் இருக்கிறது. எக்ஸ்ட்4 தன் கட்டமைப்பில் எதையும் மாற்றுவதற்கு முன் என்ன மாற்றப்போகிறது என்பதை ஒரு நாட்குறிப்பில் எழுதிக்கொள்கிறது. எழுதும்போது கரண்ட் போனால், வந்ததும் அந்தக் குறிப்பைப் பார்த்து முடிக்க வேண்டியதை முடித்துவிடும், அரைகுறையானதைத் தள்ளிவிடும். ஃபாட்32க்கும் அதன் வாரிசான எக்ஸ்ஃபாட்டுக்கும் அப்படி ஒரு நாட்குறிப்பு இல்லை.

நாட்குறிப்பும் கைவிட்டால் முழு டிஸ்க்கையும் சரிபார்க்க வேண்டியிருக்கும். அதை ரவுட்டரிடம் விடாதீர்கள். ஒரு டெராபைட் டிஸ்க்கில் 4 கிலோபைட் கட்டங்கள் 24 கோடிக்கு மேல். கட்டத்துக்கு ஒரு பிட் என்று எளிய வரைபடம் ஒன்று போட்டாலே 30 மெகாபைட் ரேம் வேண்டும். ரவுட்டரில் இருப்பதே 32. டிஸ்க்கைக் கழற்றி, லினக்ஸ் உள்ள ஒரு மடிக்கணினியில் மாட்டிச் சரிபார்ப்பதே வழி.

மின்சாரம் என்றதும் இன்னொன்று. யூஎஸ்பி 2.0 துளை தர வேண்டியது 500 மில்லி ஆம்பியர். 2.5 அங்குல ஹார்ட் டிஸ்க் ஒன்று சுழலத் தொடங்கும் நொடியில் ஒரு ஆம்பியரை நெருங்கும். எம்ஆர்3020க்கு வந்த அடாப்டரே 5 வோல்ட் 1 ஆம்பியர், ரவுட்டருக்கும் டிஸ்க்குக்கும் சேர்த்து. டிஸ்க்கிலிருந்து டிக் டிக் என்று ஒரே சீராகச் சத்தம் வந்து, சுழன்று, நின்று, மறுபடி சுழன்றால் அது பழுதென்று தூக்கிப் போடாதீர்கள். பெரும்பாலும் பசிதான். தனி மின்சாரம் உள்ள யூஎஸ்பி ஹப் ஒன்று போட்டால் சரியாகிவிடும். 2022க்குப் பிறகு வீட்டுக்கு வீடு வந்துவிட்ட சிறிய ரவுட்டர் யூபிஎஸ்ஸிலும் இதே கணக்கைப் போட வேண்டும். மேலே 8,800 மில்லி ஆம்பியர் மணி என்று அச்சிட்டிருக்கும். அது உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் மின்கலத்தின் கணக்கு. பெருக்கினால் 32 வாட் மணி சொச்சம், மின்மாற்ற இழப்பு போக 27 என்று கொள்ளலாம். 6 வாட் ரவுட்டர் மட்டும் என்றால் நாலரை மணிநேரம் ஓடும். 3 வாட் டிஸ்க்கையும் சேர்த்தால் மூன்று மணிநேரம். டிஸ்க்குக்குப் பதிலாகப் பென்டிரைவோ எஸ்எஸ்டியோ இருந்தால் அந்த முதல் அதிர்ச்சி மின்னோட்டம் பெரும்பாலும் இல்லாமல் போகும்.

வேகத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எம்ஆர்3020இன் கம்பி இணைப்பு விநாடிக்கு 100 மெகாபிட், அதாவது 12.5 மெகாபைட்டுக்கு மேல் போகாது. வைஃபையில் கிடைப்பது அதிலும் குறைவு. நல்ல எச்டி வீடியோவுக்கு 8 மெகாபிட் போதும் என்பதால் ஒருவர் பார்க்கத் தாராளம். இந்தப் பெட்டியால் செய்ய முடியாதது வடிவ மாற்றம். தொலைக்காட்சிக்குப் புரியாத வடிவத்தில் உள்ள வீடியோவைப் போகிற போக்கில் மாற்றித் தர அதற்கு வலுவில்லை. மினிடிஎல்என்ஏ கோப்பை இருந்தபடி அனுப்பும், அவ்வளவே. ஆகவே மாற்ற வேண்டியதைக் கணினியில் ஒருமுறை மாற்றிவிட்டு டிஸ்க்கில் போடுவது நல்லது.

சரி, எவ்வளவு கொள்ளும்? இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தபோதுதான் எனக்கு இந்தச் சிறு பெட்டிகள்மேல் ஆசை வந்தது. ஒரு மணிநேர ஒலிநாடாவை விநாடிக்கு 128 கிலோபிட் எம்பி3 ஆக்கினால் ஏறத்தாழ 58 மெகாபைட். வீட்டு அலமாரியில் 600 கசெட் இருந்தாலும் எல்லாம் சேர்ந்து 35 ஜிகாபைட், ஒரு 64 ஜிகாபைட் பென்டிரைவுக்குள் அடங்கும். தாத்தா தோட்டத்தில் பாடிப் பதிவு செய்த காமன் கூத்துப் பாட்டு, மாத்தளை முத்துமாரியம்மன் தேர்த் திருவிழாவில் யாரோ பிடித்த நாதஸ்வரம், ரேடியோவிலிருந்து பதிந்த நாடகம் எல்லாம் அதற்குள் வந்துவிடும். வீடியோதான் இடம் கேட்கும். போனில் முழு எச்டியில் எடுத்தது மணிக்கு 7 அல்லது 8 ஜிகாபைட்டைத் தொடும். விநாடிக்கு 8 மெகாபிட்டுக்குச் சுருக்கினால் மணிக்கு 3.6 ஜிகாபைட், ஒரு டெராபைட்டில் 277 மணிநேரம். டிஸ்க்கை மாட்டியதும் 931 என்று காட்டினால் கடைக்காரர் ஏமாற்றவில்லை. அவர் ஆயிரத்தால் பெருக்குகிறார், கணினி 1,024ஆல் வகுக்கிறது.

நூலகம் நிறுவனம் 2005 முதல் இலங்கைத் தமிழரின் நூல்களையும் பத்திரிகைகளையும் எண்ணிமமாக்கி எல்லோருக்கும் திறந்து வைத்திருக்கிறது. அச்சில் வந்தவற்றுக்கு அப்படி ஓர் இடம் இருக்கிறது. அச்சில் வராதவை, அதாவது வீட்டுக் குரல்களும் கல்யாண வீடியோக்களும், இன்னும் அலமாரிகளில்தான் இருக்கின்றன. மலைநாட்டு ஈரத்தில் நாடாக்களில் பூஞ்சணம் படியும், ஒலிக்கும் கருவிகளும் குறைந்துகொண்டே வருகின்றன. அவற்றை எண்ணிமமாக்கி ஒரே ஒரு போனில் வைத்திருப்பதைவிட, வீட்டில் எல்லோரும் தொட்டுக் கேட்கக்கூடிய இடத்தில் வைப்பது எவ்வளவோ மேல். கேட்கப்படும் பதிவைத்தான் யாராவது பத்திரமாக வைத்துக்கொள்வார்கள்.

என்னிடம் கேட்பவர்களுக்கு நான் சொல்லும் அமைப்பு இது. 16 மெகாபைட் ஃபிளாஷும் 128 மெகாபைட் ரேமும் உள்ள, ஓப்பன்வர்ட் ஆதரிக்கும் பழைய ரவுட்டர் ஒன்று. இணையம் தரும் நிறுவனத்தின் ரவுட்டரை அப்படியே விட்டுவிட்டு, இதை அதன் பின்னால் கம்பியில் இணைக்கலாம், அப்போது இதில் எதைக் கெடுத்தாலும் வீட்டு இணையம் போகாது. டிஸ்க்கில் மூன்று பிரிவு: எக்ஸ்ட்ரூட்டுக்கு ஒரு ஜிகாபைட், ஸ்வாப்புக்கு அரை ஜிகாபைட், மீதி முழுவதும் எக்ஸ்ட்4இல் பதிவுகளுக்கு. தரவுத்தளம் அந்த மூன்றாம் பிரிவில். பார்க்க மட்டும் பாவிக்கும் நாட்களில் அந்தப் பிரிவில் எழுதுவது தரவுத்தளம் மட்டுமே என்பதால், கரண்ட் போனாலும் பதிவுகளுக்கு ஆபத்து குறைவு. இதே அளவில் இன்னொரு டிஸ்க் வாங்கி எல்லாவற்றையும் பிரதி எடுத்து, கம்பளையிலோ நாவலப்பிட்டியிலோ உள்ள உறவினர் வீட்டில் வைத்துவிடுங்கள். வருடத்துக்கு ஒருமுறை, தீபாவளிக்குப் போகும்போது, அதை மடிக்கணினியில் மாட்டி அந்த வருடத்துப் பதிவுகளை ஏற்றி, பழையவற்றில் சிலவற்றைத் திறந்து ஓடவிட்டுப் பாருங்கள்.